பிறந்த வீட்டுக் கோடி

அம்மா இறந்த அன்று காலை எட்டு மணிக்கெல்லாம் என் கையில் ஒரு பட்டியல் இருந்தது. ஐஸ் பெட்டி, சாமியானா, நாற்காலி, சங்கு ஊத ஆள், பாடைக்குப் பச்சை மூங்கில், தென்னங்கீற்று, பூ, விறகு, வறட்டி, வைக்கோல். கடைசி வரியில் ‘கேதம் சொல்வது’ என்று எழுதியிருந்தேன். சாவுச் செய்தி சொல்வதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஒவ்வொரு வேலையும் முடிய முடிய அதற்கு நேராக ஒரு டிக் போட்டேன். பொண்ணு அழவே இல்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது உண்மைதான். அழ ஆரம்பித்தால் பட்டியல் பாதியில் நின்றுவிடும் என்று பயந்தேன்.

எழுத்து எனக்குச் சோறு போடுகிற வேலை. அப்பாவும் அம்மாவும் வரிச்சிக்குடிப் பக்கம் வயல் வேலை செய்தவர்கள். இருவருக்கும் கட்டைவிரல்தான் கையெழுத்து. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, அதைத் தாண்டிக் கல்லூரிக்கும் போனது நான் ஒருத்தி. இப்போது கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறேன். பிறப்பு இறப்புப் பதிவேடு என் மேசையில்தான் இருக்கிறது. இறந்தவர் பெயர், கணவர் அல்லது தகப்பனார் பெயர், இறந்த இடம், நேரம், தகவல் தருபவர் யார் என்று வரிசையாகக் கேட்பேன். அழுதுகொண்டு வந்தவர்கள்கூட இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது கொஞ்சம் நிதானத்துக்கு வந்துவிடுவார்கள். ஒரு சாவு விழுந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

அம்மா நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூச்சுத் திணறல். மூன்றாம் நாள் சாயங்காலம் முகத்தில் வைத்திருந்த குழாயை விலக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“எங்கண்ணனுக்குச் சொன்னியா?”

“சொல்லிக்கலாம்மா. மொதல்ல சரியாவட்டும்.”

“சரியாவுதோ இல்லையோ. எம்மேல கடைசியா கெடக்கற துணி எங்கண்ணன் துணியா இருக்கணும். ஒங்கப்பாகிட்டயும் சொல்லிட்டேன்.”

பெண் ஒருத்தி இறந்துபோனால் அவளுடைய பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். அதுதான் கோடி. அண்ணனோ தம்பியோ அதைக் கொண்டுவந்து உடல் மேல் போர்த்தி, ‘தூக்குங்க’ என்று சொன்ன பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள். எத்தனை பேர் எத்தனை சேலை போர்த்தினாலும் பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் போனவள் ஆள் இல்லாமல் போனவள் என்று கணக்கு. அம்மா ஆசைப்பட்டது பெரிய விஷயம் இல்லை. ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தானாக நடப்பதுதான். அம்மாவுக்கு மட்டும் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் நான்.

ஆறு வருடத்துக்கு முன்னால், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அடுத்த வாரம், மாமா தட்டில் பூ, பழம், தேங்காய் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். நெரவிப் பக்கம் மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் உண்டு. ஒரே மகன். “படிச்ச வரைக்கும் போதும், புள்ளய எனக்குக் குடுத்துடு” என்று அம்மாவிடம் உரிமையோடு கேட்டார். அம்மா பதில் சொல்வதற்குள் நான் உள்ளேயிருந்து வந்தேன்.

“கைநாட்டு வீட்டுக்கு வாக்கப்படறதுக்கா நான் பன்னெண்டு வருசம் படிச்சேன்?”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து, கையில் மை ஒட்டியிருப்பதைப்போல இடது கைக் கட்டைவிரலைத் துடைத்தார். பிறகு தட்டை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த வருடத்திலிருந்து பொங்கல் சீர் நின்றுபோனது. பொங்கலுக்கு முதல் நாள் அம்மா வாசலுக்கும் அடுப்படிக்கும் பத்துத் தடவை நடப்பார். கடைசிப் பஸ்ஸும் போன பிறகு, “கரும்பு வெட்ட ஆள் கெடைச்சிருக்காது” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார். என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

அந்தக் கல்யாணத்தை வேண்டாம் என்றதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல அந்தச் சொல் தேவைப்படவில்லை.

விடியற்காலையில் அம்மா போய்விட்டார். ஏழு மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எங்களுக்கு ஆண் பிள்ளை இல்லாததால் அப்பாவே கொள்ளி வைப்பது என்று பேசி முடிவானது. அதில் யாருக்கும் மறுப்பு இல்லை. சுடுகாட்டு வேலை பார்க்கும் அண்ணன் தகவல் கேட்டு எட்டரை மணிக்கு வந்தார். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அம்மாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். எத்தனை வறட்டி வேண்டும் என்று அளவு எடுக்கிற பார்வை அது.

“எத்தன மணிக்கும்மா எடுக்கறீங்க?”

“நாலு மணிக்கு வச்சுக்கலாம்ணே.”

“நாலு வேணாம். கடலுப் பக்கம் பாருங்க, எப்புடிக் கறுத்துக்கிட்டு நிக்குது. மூணுக்கு எடுத்துடுங்க. மண்ணு பூசிட்டா அப்பறம் எவ்வளவு பெஞ்சாலும் எனக்குக் கவல இல்ல. பூசறதுக்கு முன்ன புடிச்சிக்கிட்டா வறட்டி நனைஞ்சு போயிடும். நனைஞ்சா வேகாது.”

ஐப்பசி மாதம். எங்கள் ஊர் சுடுகாட்டில் இருந்த கூரைத் தகடுகள் போன வருடப் புயலில் பறந்து போயிருந்தன. வெட்டவெளியில்தான் அடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் சிதையைத் திறந்து வைத்து எரிப்பதில்லை. கீழே விறகு, அதன் மேல் வறட்டி, உடலை வைத்து மறுபடியும் வறட்டி, வைக்கோல், எல்லாவற்றையும் மூடி வாய்க்கால் களிமண்ணைக் குழைத்துப் பூசிவிடுவார்கள். புகை போக அங்கங்கே ஓட்டை விடுவார்கள். நெருப்பு வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே விடிய விடிய வேகும்.

“துணிமணியெல்லாம் அங்க வச்சு எடுத்துடுவேன். வழக்கம் அது. கேக்காம எடுத்தேன்னு யாரும் சொல்லக் கூடாது பாருங்க, அதுக்குத்தான் முன்னாடியே சொல்லிப்புட்டேன்” என்றார்.

போர்த்திய சேலைகள் அவருக்குச் சேரும் என்பது எனக்கும் தெரியும். தலையாட்டினேன். ‘மூன்று மணி’ என்று பட்டியலில் திருத்திக்கொண்டேன்.

பிறகு கேதம் சொல்லும் வேலையை எடுத்தேன். போனிலேயே ஓர் அறிவிப்புத் தயார் செய்தேன். கறுப்புக் கரை போட்டு, மாலை மாட்டி, பக்கத்தில் குத்துவிளக்கு எரிகிற படங்கள் எனக்குப் பிடிக்காது. உயிரோடு இருந்தவரை அம்மா அப்படி இருந்ததே இல்லை. என் பட்டமளிப்பு அன்று எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. இரவல் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, வாய்விட்டுச் சிரிக்கிறார். பக்கத்தில் நின்ற என்னை வெட்டினேன். அம்மா தோள் மேல் இருந்த என் கை மட்டும், வளையல்களோடு, வெட்ட முடியாமல் நின்றுவிட்டது. சுற்றிலும் மஞ்சள் பூக்கரை வைத்தேன். கீழே, ‘எங்கள் அன்புத் தாயார் இன்று அதிகாலை இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த துயரத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று தொடங்கி, இறுதி ஊர்வலம் புறப்படும் நேரம் வரை எழுதினேன். ஒரு பிழையும் இருக்கக் கூடாது என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அழகாக இருந்தது. வாட்ஸ்அப்பில் எல்லா உறவுக்கும் அனுப்பினேன். முதலில் அனுப்பியது மாமாவுக்குத்தான்.

அப்பா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். “ஒன் மாமனுக்கு ஆள் அனுப்பணுமே ஆயி” என்றார்.

“சொல்லியாச்சுப்பா” என்றேன். டிக் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மாமாவின் பெயருக்கு நேராக இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பார்த்துவிட்டார். பத்து மணிக்கு அப்பாவின் தம்பி வீட்டார் வந்தார்கள். பதினொரு மணிக்கு அம்மாவோடு நடவு நட்ட பெண்கள் எல்லோரும் வந்து, சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். நெரவியிலிருந்து யாரும் வரவில்லை. மற்ற உறவுக்காரர்கள் யாரும் மாமாவுக்குச் சொல்லவில்லை. பிறந்த வீட்டுக்குத்தானே முதலில் சொல்லியிருப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள். நானே ஒரு தடவை போன் செய்தேன். மணி அடித்து நின்றது. மறுபடி செய்தபோது அந்தப் பக்கம் துண்டித்தார்கள்.

பன்னிரண்டரை மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டே விட்டார்.

“பொறந்த வீட்டுக் கோடி இல்லாம எப்புடிடி எடுக்கறது?”

“வராதவங்களுக்காக அம்மா காத்துக் கெடக்கணுமா பெரியம்மா? கோடிய நானே வாங்கிப் போடறேன். யாரு போட்டா என்னா, சேலதானே.”

“ஒன் சம்பளத்துல ஆயிரம் சேல எடுப்ப. அண்ணன் சேல ஆவுமா அது?”

நான் அப்பாவிடம் போனேன். போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். “பாருங்கப்பா. காலையில ஒம்போது மணிக்கே பாத்துட்டாரு. போன் பண்ணா கட் பண்றாரு. இவ்வளவுதான் அவங்க பாசம்.”

அப்பா போனை வாங்கி வெயிலுக்கு மறைத்துப் பார்த்தார். “பாத்துட்டாருன்னு எப்புடித் தெரியிது?”

“இந்த நீலக் கோடு வந்தா அவங்க பாத்துட்டாங்கன்னு அர்த்தம்.”

அப்பா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கிற அம்மா. பூக்கரை. பிறகு, குற்றம் சொல்லும் தொனி கொஞ்சமும் இல்லாமல், தெரியாத ஒன்றைக் கேட்பதுபோலக் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்குது ஆயி. என்னா சேதின்னு இதுல எப்புடித் தெரியும் அவனுக்கு? அவனுக்கு ஏது எழுத்து?”

எழுதத் தெரியாதவர் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னவள் நான். ஆறு வருடம் அந்தச் சொல்லால்தான் அம்மா அண்ணனைப் பார்க்காமல் இருந்தார். அவருக்கே நான் அச்சுப்போல எழுதி அனுப்பிவிட்டு, வரவில்லை என்று கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அத்தைக்கும் எழுத்து தெரியாது. படித்துச் சொல்லக்கூடிய மகன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான்.

ஸ்கூட்டி சாவியை எடுத்தேன். பெரியம்மா வழியை மறித்தார்.

“பெத்தவ கெடக்கயில நீ எங்கடி போற? ஆம்பள யாரையாவது அனுப்பு.”

“நான்தான் போவணும் பெரியம்மா.”

“பொம்பளப் புள்ள கேதம் சொல்லப் போறத எந்த ஊர்ல பாத்த?”

அப்பா தலையை நிமிர்த்தி, “போவட்டும்” என்றார். சாவு வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. நானும் ஒன்றும் சொல்லாமல் கிளம்பினேன்.

கோட்டுச்சேரி தாண்டி, காரைக்கால் ஊருக்குள் நுழைந்து, அரசலாற்றுப் பாலம் ஏறி இறங்கி, நெரவி போகும் சாலையில் திரும்பினால் மாமா வீடு. பத்து கிலோமீட்டர்கூட வராது. அலுவலக வேலையாக அந்தப் பக்கம் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்தத் தெருவை மட்டும் சுற்றிக்கொண்டு போவேன். வழியெல்லாம் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. வரிசையாகக் குனிந்திருந்த முதுகுகளில் அம்மாவைப்போல ஒன்று தெரிய, ஒரு கணம் வேகத்தைக் குறைத்துவிட்டேன்.

அத்தை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். நான் வேலிப் படலுக்கு வெளியிலேயே நின்றேன். கேதம் சொல்ல வந்தவர்கள் வாசலுக்குள் வரக் கூடாது.

“வாங்க மேடம்” என்றார் அத்தை. “பத்திரிகைய போன்ல அனுப்பியாச்சு. மேளம் பின்னால வருதா?”

எனக்குப் புரியவில்லை. “அத்த…”

“மாப்ள என்னா வேல பாக்குறாரு? ஒங்கம்மா பட்டுச்சேலையும் சிரிப்புமா நிக்குறதப் பாத்தா பெரிய எடந்தான் போல. வளையலடுக்குன கை வேற தெரியிது. தட்டு வச்சு அழைக்கிற மொறைய போன்ல முடிச்சிட்டீங்க. நாங்க என்னா ஒங்க ஆபீஸு பியூனா?”

கல்யாணச் செய்தி என்று நினைத்திருக்கிறார்கள். எனக்குக் கல்யாணம் என்றும், அதைக் கூப்பிடக்கூட நேரில் வராமல் படம் அனுப்பிவிட்டோம் என்றும்.

உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. “ஏன் வெளியவே நிக்கிறாளாம்? கைநாட்டு வீட்டுக்குள்ள கால் வச்சா தீட்டாயிடுமா?”

அத்தை இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், என் தலையைப் பார்த்தார். நான் காலையிலிருந்து தலை வாரியிருக்கவில்லை. நெற்றியில் பொட்டு இல்லை. கையிலிருந்த கீரைக்காம்பை அப்படியே பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

பதிவேட்டில் அந்த வரியை எத்தனை முறை எழுதியிருப்பேன். வாயில் வரவில்லை.

“அம்மா செத்துப்போச்சு மாமா. இன்னிக்கு விடியக்கால.”

மாமா வெளியே வந்தார். ஆறு வருடத்தில் தாடி நரைத்திருந்தது. கையில் போன்.

“பொய் சொல்லாத. காலையிலதான் போட்டோ வந்துது. சிரிச்சிக்கிட்டு நிக்கிது.”

“அது பழைய போட்டோ மாமா.”

“அப்ப கீழ எழுதியிருக்கறது?”

போனைப் படலுக்கு மேலாக நீட்டினார். “படி.”

படித்தேன். எங்கள் அன்புத் தாயார். இயற்கை எய்தினார். ஆழ்ந்த துயரத்துடன். அந்த வாசலில் நின்று சத்தமாகப் படிக்கும்போது ஒவ்வொரு சொல்லும் வேறு யாரோ, யாருடைய அம்மாவுக்கோ எழுதியதுபோல இருந்தது.

“இயற்கை எய்தினார்னா என்னா?” என்றார் அத்தை.

“செத்துட்டாங்கன்னுதான் அத்த.”

“அத அப்புடியே எழுதக் கூடாதா?”

“எழுதியிருந்தா மட்டும் நமக்கு என்னா தெரிஞ்சிருக்கப் போவுது” என்றார் மாமா. சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் ஆய்ந்து வைத்திருந்த கீரை முழுவதும் சிதறியது. அத்தைதான் முதலில் அழுதார். மாமா அழவில்லை. எத்தனை நாள் ஆஸ்பத்திரி என்று கேட்டார். நாலு நாள் என்றேன்.

“என்னயக் கேட்டுச்சா?”

“கேட்டாங்க மாமா. நான்தான் அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்.”

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “எத்தன மணிக்கு எடுக்கறீங்க?” என்றுதான் கேட்டார்.

“மூணுக்கு. மழ வருது மாமா.”

“நான் வராட்டியும் எடுத்திருப்பீங்க.”

“ஆமாம் மாமா. கோடிய நானே போடறேன்னு சொல்லிட்டேன்.”

அவர் கட்டைவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். அத்தையைப் பார்த்து, “நீ ஆட்டோ புடிச்சு நம்ம சனத்தக் கூட்டிக்கிட்டு வா” என்றார். என் ஸ்கூட்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். பெண் ஓட்டுகிற வண்டியில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

பாலம் ஏறும்போது பின்னாலிருந்து, “மொள்ளப் போ. அது இனிமே எங்கயும் ஓடிடப் போறதில்ல” என்றார். பாலத்தின் நடுவில் கிழக்கே பார்த்தார். கடல் இருக்கும் திசையில் வானம் மையாக இறங்கியிருந்தது. “இல்ல, வேகமாவே போ” என்றார்.

காரைக்கால் கடைத்தெருவில் முஸ்லிம் பாய் ஒருவரின் துணிக்கடை முன்னால் நிறுத்தச் சொன்னார். கோடி என்றதும் வேலையாள் உள்ளேயிருந்து ஒரு கட்டு எடுத்து வந்தார். அதற்கென்றே தனியாக வைத்திருக்கும் சேலைகள். மெல்லிய துணி, முழு நீளம்கூடச் சரியாக இராது. எப்படியும் சுடுகாட்டில் உருவப்போகிற சேலைதானே என்று யாரும் அதில் பார்க்க மாட்டார்கள்.

“இது வேணாம்” என்றார் மாமா. “உடுத்துறதுக்கு எடுக்கற சேல காட்டுங்க.”

வேலையாள் என்னைப் பார்த்தார். கல்லாவில் இருந்த பெரியவர் எழுந்து வந்து, “யாருக்குங்க?” என்று கேட்டார்.

“தங்கச்சிக்கு.”

பெரியவரே அலமாரியைத் திறந்து நாலு சேலைகளை எடுத்துப் போட்டார். மாமா ஒவ்வொன்றையும் விரித்து, முந்தானையைத் தடவிப் பார்த்தார். மணி இரண்டேகால். அவசரப்படுத்த எனக்கு வாய் இல்லை. மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட ஒன்றை எடுத்தார். “பொங்கலுக்கு இந்தக் கலர்லதான் கேக்கும்” என்றார். நான் பையைத் திறந்தபோது, “நீ ஒதுங்கு” என்றார்.

வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போது முதல் தூறல் விழுந்தது. மூன்று மணி தாண்டியிருந்தது. அம்மாவைக் குளிப்பாட்டி, பாடையில் வைத்து, தூக்குவதற்குத் தோள் கொடுக்க நாலு பேர் தயாராக நின்றிருந்தார்கள். அப்பா பாடைக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தார். அவர் சத்தம் போட்டு யாரையும் தடுத்திருக்க மாட்டார். சும்மா உட்கார்ந்தே தடுத்திருக்கிறார். மாமாவைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையையும் நீட்டினார். சாவு வீட்டில் வாங்க என்று சொல்வதில்லை. மாமா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அவர் அழுதார்.

அத்தையும் சனமும் வந்து சேர்ந்ததும் தட்டில் சேலையை வைத்து, சங்கு ஊத, முறைப்படி தெருமுனையிலிருந்து எடுத்து வந்தார்கள். ஏற்கெனவே கிடந்த சேலைகளுக்கு எல்லாம் மேலாக மாமா அதைப் போர்த்தினார். காலடியில் சுருங்கியிருந்த இடத்தை இழுத்துவிட்டார். அம்மாவின் கன்னத்தில் ஒட்டியிருந்த ஒரு சம்பங்கி இதழை எடுத்தார்.

“தூக்குங்க.”

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாடு வரை போவதில்லை. தெருமுனையில் நின்றுவிட்டோம். நான் போக நினைத்திருந்தால் என்னை யாரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் என்னை மேடம் என்றவர். அந்தக் கையை உதறிவிட்டு எங்கே போவது? மஞ்சள் நிறம் வயல் வரப்பில் திரும்பி மறையும் வரை நின்றோம்.

நாலரை மணிக்கு மழை கொட்டியது. வீட்டைக் கழுவிவிட்டுக் குளித்து முடித்து, ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தேன். மண் பூசி முடித்திருப்பார்களா? வறட்டி நனைந்திருக்குமா? அதைவிட இன்னொன்று என்னைப் பிடித்துக்கொண்டது. அங்கே வைத்துத் துணியெல்லாம் எடுத்துவிடுவேன் என்று அந்த அண்ணன் காலையில் சொன்னதும், நான் தலையாட்டியதும். எம்மேல கடைசியா கெடக்கற துணி என்று அம்மா கேட்டார். வீட்டு வாசல் வரைக்கும் கிடந்தால் போதும் என்று கேட்கவில்லை. ஆண்கள் முழுக்க நனைந்து திரும்பி வந்தார்கள். வாசலில் வைத்திருந்த தண்ணீரில் கால் கழுவிக்கொண்டார்கள். மாமா முகத்தைப் பார்த்தேன். அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை பால் தெளிக்கப் போய்வந்தவர்களோடு அந்த அண்ணனும் வந்தார். விரல் இடுக்கெல்லாம் காய்ந்த களிமண். பந்தலுக்கு வெளியே நின்றவரிடம் நானே போனேன்.

“நல்லா வெந்துடுச்சும்மா. ஒரு கொறையும் இல்ல. ரெண்டாம் பூச்சு முடிச்சுக் கை கழுவறேன், ஊத்துது மழ. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா என் பாடு திண்டாட்டமாப் போயிருக்கும். ஒரு எடத்துல கரைஞ்சுது, அங்க மட்டும் மறுபடி பூசிட்டேன்.”

“அண்ணே, துணியெல்லாம்…”

“எடுத்துட்டேம்மா. அந்த மஞ்சச் சேலயத் தவிர. அதுல கை வச்சேன், ஒங்க மாமன் புடிச்சிக்கிட்டாரு. இது மட்டும் கெடக்கட்டும்ணே, ஒங்களுக்கு வேற எடுத்துத் தாரேன்னாரு. வேணாம் சாமி, இதுக்குப் போயி நான் கேப்பேனான்னுட்டேன். அதோடயே வச்சுத்தான் வறட்டி அடுக்கினேன். நல்ல சேலம்மா அது.”

நான் அங்கேயே நின்றேன். பட்டியல் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அதற்கு அப்புறம் அதைத் தேடவும் இல்லை. முதல் நாளிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது.

உள்ளே அத்தை எங்கள் அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். சாவுக்கு அடுத்த நாள் சோறு பிறந்த வீட்டுச் செலவு. மாமா பந்தலின் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அதை நீட்டினார். அதே படம்.

“இதப் பெருசாப் போட்டு எங்க வீட்ல மாட்டணும். முடியுமா?”

“முடியும் மாமா.”

“கீழ எழுதியிருக்கறத எடுத்துடு.”

எடுத்துவிட்டேன். நான் இரண்டு முறை படித்துச் சரிபார்த்த எழுத்து மொத்தமும் ஒரே தடவலில் போய்விட்டது. பூக்கரையையும் நீக்கப் போனபோது அவர் கையை நீட்டினார்.

“பூ இருக்கட்டும்” என்றார்.